வரையறுக்கப்பட்ட மறதி: ‘யுட்டோப்பியா’ இசைநாடகத்தின் மீளரங்கேற்றம் குறித்து

காலமே சிறந்த நீதிபதி என்று கலை வரலாற்றாசிரியர் பலர் கூறுவர். நல்ல படைப்பு நிலைக்கும். நலிந்த படைப்பு மறையும். மறைந்ததைத் தோண்டியெடுப்பது பயனில் முயற்சி என்பது அவர்தம் துணிபு. கேட்பதற்கு இதமான இக்கூற்று உண்மையன்று. எந்த நாடகம் எத்தனை முறை மேடையேறுகின்றது என்பதைக் காலம் தீர்மானிப்பதில்லை. அரங்கின் உரிமையாளர், பணமிடுபவர், தணிக்கை அதிகாரி, இருக்கைக்குக் காசு கொடுக்கும் வர்க்கத்தினர் ஆகியோரே தீர்மானிக்கின்றனர். அவர்கள் வழங்கிய தீர்ப்பைக் காலத்தின் தலையிற் சுமத்துவது வரலாற்றுச் சோம்பலேயாகும்.

இதற்குத் தக்க சான்று ‘யுட்டோப்பியா லிமிட்டெட்’ எனும் ஆங்கில அங்கத இசைநாடகத்தின் கதி. கில்பேட் எழுத்துருவை ஆக்க, சலிவன் இசையமைத்த இந்நாடகம் 1893 ஒக்டோபர் 7 ஆம் திகதி இலண்டன் சவோய் அரங்கிலே முதன்முதலாக மேடையேறி, 245 அளிக்கைகளைக் கண்டது. இவ்விருவரும் இணைந்து ஆக்கிய 14 இசைநாடகங்களுள் இது 13 ஆவது. இவர்களுடைய ‘மிக்காடோ’வும் ‘பினஃபோர்’ கப்பலும் ஆங்கிலம் வழங்கும் நாடுகளெங்கும் பள்ளிச் சிறுவர் வரை பாடப்படுகின்றன. யுட்டோப்பியாவின் பெயரையோ அவற்றை விரும்பிக் கேட்போருள்ளும் பலர் அறியார். இந்நாடகங்களைத் தொழிலாகவே நடத்திவந்த டொய்லி கார்ட் குழு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவையொட்டி அதனைக் கைவிட்டது. மீண்டும் மேடையேற்றியது 1975 இலேதான்.

யுட்டோப்பியா மறக்கப்பட்டமைக்கு அதன் நகைச்சுவை செத்துவிட்டமை காரணமாகாது. அது நகையாடிய பொருள் உலகை வென்றுவிட்டமையே காரணம். ஆதலின் அதனை முழுமையாக, உரையாடல்களோடும் மேடைக் காட்சிகளோடும், அது பிறந்த அரங்கிலேயே மீள அரங்கேற்றுதல் வேண்டும். ஓரிரு மாலைப்பொழுதுகளிற் பாடிக் காட்டிவிட்டு ‘மறந்ததை மீட்டோம்’ என மகிழ்வது அப்படைப்பை இரண்டாம் முறை அடக்கம் செய்வதற்கு ஒப்பானது.

கதையும் அதன் கூர்மையும்

கதை நிகழுமிடம் தென்கடலிலுள்ள யுட்டோப்பியா எனும் கற்பனைத் தீவு. அதன் மன்னன் பரமவுண்ட் பெயரளவிலே எதேச்சாதிகாரி; உண்மையில் இரு பேரறிஞரின் கைப்பாவை. மன்னன் நெறி தவறினான் என்று அவ்விருவரும் குற்றஞ்சாட்டினால் போதும்; அரச வெடிவைப்பாளன் எனும் பதவியினன் அவனை வெடிமருந்தாற் தகர்த்துவிட்டுத் தானே அரியணை ஏறலாம். இந்த அச்சத்தைக் காட்டி, மன்னனைக் கொண்டே மன்னனை இழிவுபடுத்தும் வம்புச் செய்திகளை எழுதுவித்துப் பத்திரிகையிலும் வெளியிடச் செய்கின்றனர். அதிகாரம் என்பது எங்கே இருப்பதாகக் காட்டப்படுகின்றதோ அங்கே இருப்பதில்லை என்பதை நாடகம் தொடக்கத்திலேயே நிலைநாட்டிவிடுகின்றது.

இந்நிலையில் மூத்த இளவரசி சாரா, கேம்பிரிட்ஜைச் சார்ந்த கேட்டன் மகளிர் கல்லூரியிற் கற்றுத் தாயகம் திரும்புகின்றாள். இங்கிலாந்தை மேன்மையுறச் செய்த சக்திகளின் உருவங்களாக ஆறு ஆங்கிலேயரையும் உடன் அழைத்து வருகின்றாள். படைத் தலைவர் ஒருவர், கடற்படைத் தலைவர் ஒருவர், வழக்கறிஞரும் நாடாளுமன்ற உறுப்பினருமான ஒருவர், அரண்மனை ஒழுக்கத்தையும் நாடகத் தணிக்கையையும் கவனிக்கும் பிரபு ஒருவர், நகர மன்ற உறுப்பினர் ஒருவர், கம்பனி தொடக்குநர் ஒருவர் ஆகிய இவர்களே ‘முன்னேற்ற மலர்கள்’. தீவினை முழுமையாக ஆங்கிலமயமாக்குவது அவர்தம் பணி. பீரங்கியோடு வரும் ஏகாதிபத்தியத்தைப் பலர் நையாண்டி செய்துள்ளனர். ஆலோசகராக, நிபுணராக, விருந்தினராக அழைக்கப்பட்டு வரும் ஏகாதிபத்தியத்தை 1893 இலேயே மேடைக்குக் கொண்டுவந்த அங்கதம் என்பதே யுட்டோப்பியாவின் தனிச்சிறப்பு.

ஆறு மலர்களுள் மணம் மிக்கது கம்பனி தொடக்குநரான கோல்ட்பரி எனும் மலர். ‘வரையறுக்கப்பட்ட பொறுப்பு’ என்பதன் பொருளை அவர் மன்னனுக்குப் பாட்டாலே விளக்குகின்றார். எழுவர் கூடுகின்றனர், இயலுமாயின் பட்டம் பெற்ற பெருமக்களாயிருத்தல் நன்று. தம் கடனில் எவ்வளவைத் தீர்க்க எண்ணியுள்ளனர் என்பதை முன்கூட்டியே பகிரங்கமாக அறிவிக்கின்றனர். அதற்கு மூலதனம் என்று பெயர். வென்றால் இலாபம் அவர்களுடையது. தோற்றால் நட்டம் கடன் கொடுத்தவருடையது. மறுநாளே வேறொரு கம்பனி தொடங்கலாம். இது கேட்ட மன்னன் தன் நாட்டையே 1862 ஆம் ஆண்டின் கம்பனிச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்யத் துணிகின்றான். முடியாட்சி வரையறுக்கப்பட்ட கம்பனியாகின்றது. இரண்டாம் அங்கத்திலே தீவின் ஒவ்வொரு மனிதனும் தனித்தனிக் கம்பனியாகிவிடுகின்றான். ஆடை தைத்துக் கொடுத்தவர் பணம் கேட்டால், தம் பொறுப்பு அறிவிக்கப்பட்ட பதினெட்டுப் பென்ஸ் மூலதனத்தோடு முடிந்துவிட்டது என வாடிக்கையாளர் கைவிரிக்கின்றனர்.

இப்பாட்டில் வரும் எழுவர் என்னும் எண்ணிக்கை கவிஞனின் கற்பனையன்று. 1862 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கம்பனியொன்றை அமைக்க ஏழு பேரின் கையொப்பம் வேண்டப்பட்டது. 1892 இலே சலமன் எனும் இலண்டன் தோற்பொருள் வணிகர், தாமும் மனைவியும் பிள்ளைகள் ஐவருமாக எழுவரைச் சேர்த்துத் தம் கடையைக் கம்பனியாக்கினார். யுட்டோப்பியா மேடையேறிய 1893 ஆம் ஆண்டிலேயே அக்கம்பனி நொடித்துக் கலைப்புக்குள்ளானது. அதனையொட்டி எழுந்த வழக்கிலே, 1896 இல் பிரபுக்கள் சபை சலமனுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. சட்டப்படி அமைந்த கம்பனி அதன் உறுப்பினரின் வேறான தனியொரு ஆள் என்பது அத்தீர்ப்பின் சாரம். பொதுநலவாய நாடுகளின் சட்ட மாணவர் கம்பனிச் சட்டத்திலே முதன்முதற் கற்கும் வழக்கு இதுவே. மனிதன் ஒவ்வொருவனும் கம்பனியானால் எப்படியிருக்கும் என்று கில்பேட் நகைத்த மூன்றாண்டுகளுள், கம்பனியே ஓர் ஆள் என்று இங்கிலாந்தின் அதியுயர் நீதிபீடம் நகையாமற் கூறிவிட்டது. அங்கதம் சட்டமான பின்னர் அவ்வங்கதத்தை நினைவிற் கொள்வதில் யாருக்கு ஆர்வம் இருக்கும்?

அக்காலச் சூழலும் நோக்கற்பாலது. சிறு சேமிப்பாளர் ஆயிரக்கணக்கானோரின் பணத்தைத் திரட்டிய லிபரேட்டர் கட்டிடச் சங்கம் 1892 இலே வீழ்ந்தது. அதன் பின்னணியிலிருந்த ஜேபஸ் பல்ஃபர் எனும் நாடாளுமன்ற உறுப்பினர் ஆர்ஜென்டீனாவுக்கு ஓடி ஒளிந்தார். அவர் இன்னும் பிடிபடாதிருந்த காலத்திலேதான் சவோய் அரங்கிலே கோல்ட்பரி தம் பாட்டைப் பாடினார். பார்த்தோர் யாரை எண்ணிச் சிரித்திருப்பர் என்பதை விளக்க வேண்டியதில்லை.

நாடகத்தின் முடிவு இதனிலும் கூரியது. ஆங்கிலச் சீர்திருத்தங்கள் தீவில் முழு வெற்றி பெறுகின்றன. படையும் கடற்படையும் வலுப்பெற்றமையால் போர் இல்லை, சுகாதாரம் நிறைவுற்றமையால் வைத்தியருக்கு வருவாயில்லை, சட்டம் திருந்தியமையால் வழக்கறிஞர் பட்டினி கிடக்கின்றனர், சிறைகள் வெறுமையாகின்றன. பிழைப்பிழந்தோர் கிளர்ந்தெழுகின்றனர். அப்பொழுதுதான், ஆங்கில முறையின் இன்றியமையாத உறுப்பொன்றை மறந்துவிட்டமை இளவரசிக்கு நினைவு வருகின்றது. அதுவே கட்சி ஆட்சி. கட்சிகள் வந்தால் ஒரு கட்சி செய்ததை மறு கட்சி அழிக்கும். எந்தச் சீர்திருத்தமும் நிலைக்காது. நோயும் வழக்கும் சிறையும் மீண்டும் பெருகும். எல்லார்க்கும் பிழைப்புக் கிடைக்கும். மக்கள் ஆரவாரித்து ஏற்க, மன்னன் அதனைப் பிரகடனஞ் செய்கின்றான். தீவார் இங்கிலாந்தை வாழ்த்திப் பாடும் இறுதிப் பாட்டிலும், அந்நாடு தன்னைப் பற்றிக் கூறுவன யாவும் மெய்தானா என்னும் ஐயம் மெல்லத் தலைகாட்டுகின்றது.

மறதியின் காரணங்கள்

இத்தகைய படைப்பு எவ்வாறு மறைந்தது? முதற் காரணம் செலவு. பெரிய நடிகர் குழு, படையுடைகள், அரண்மனை வரவேற்புக் காட்சியின் பகட்டு ஆகியன இதனைச் சவோய் அரங்கின் மிகச் செலவான தயாரிப்புகளுள் ஒன்றாக்கின. அரங்கின் தரைவிரிப்புச் செலவு குறித்து 1890 இலே மூண்ட பிணக்கினாற் பிரிந்திருந்த கில்பேட்டும் சலிவனும் மீண்டும் கூடி ஆக்கிய முதல் நாடகம் இதுவென்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. 

இரண்டாவது காரணம் உரிமை. சலிவன் 1900 இலும் கில்பேட் 1911 இலும் மறைந்தனர். அன்றைய சட்டப்படி எழுத்துருவின் பதிப்புரிமை கில்பேட் மறைந்து ஐம்பதாண்டு நிறைந்த 1961 வரை நீடித்தது. அதுவரை பிரித்தானியத் தொழில்முறை மேடையிலே இந்நாடகங்கள் டொய்லி கார்ட் குழுவின் ஏகபோகமாயிருந்தன. அக்குழு எதனை ஆடவில்லையோ அதனை வேறு தொழிற்குழு எதுவும் ஆட இயலாது. பயில்நிலைக் குழுக்கள் மட்டும் அனுமதி பெற்று ஆங்காங்கே யுட்டோப்பியாவை ஆடிவந்தன. ‘மக்கள் விரும்பவில்லை, ஆதலின் மறைந்தது’ என்போர் இந்த ஏகபோகத்தைப் பற்றிப் பேசுவதேயில்லை. ஒரு கடையில் மட்டும் விற்கப்படும் பொருளை அக்கடைக்காரர் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டால், வாங்குவோர் இல்லை என்று கூறுவது எவ்வாறு பொருந்தும்?

1975 ஆம் ஆண்டு நிகழ்ச்சி இவ்வாதத்தை முற்றாகத் தகர்க்கின்றது. குழுவின் நூற்றாண்டை ஒட்டிச் சவோய் அரங்கிலே யுட்டோப்பியா நான்கு முறை மேடையேற்றப்பட்டது. இருக்கைகள் யாவும் விரைவில் விற்றுத் தீர்ந்தமையால், அதே ஆண்டில் றோயல் ஃபெஸ்ற்றிவல் மண்டபத்திலே மேலும் நான்கு அளிக்கைகளை ஏற்பாடு செய்ய நேர்ந்தது. எனினும் அதன் பின் அது குழுவின் வழமையான பட்டியலிற் சேர்க்கப்படவில்லை. 1976 இல் வெளியான இசைத்தட்டிலே பாடல்கள் மட்டும் இடம்பெற்றன, உரையாடல்கள் விடப்பட்டன. கில்பேட்டின் அங்கதம் பாதிக்கு மேல் உரையாடலிலேயே உள்ளது. அதனை நீக்கினால் எஞ்சுவது இனிய இசை. இனிய இசை யாரையும் உறுத்தாது. 1982 இலே அக்குழுவே மூடப்பட்டது.

அண்மைய முயற்சியும் இவ்வழியினதே. 2021–22 பருவத்திலே ஸ்கொட்டிஷ் ஒப்பரா, புத்துயிர் பெற்ற டொய்லி கார்ட் நிறுவனத்துடன் இணைந்து யுட்டோப்பியாவைக் கிளாஸ்கோ தியேட்டர் றோயலிலும் பின்னர் இலண்டன் ஹக்னி எம்பயரிலும் அளித்தது. கிளாஸ்கோ அரங்கு 1867 இல் தோன்றியது. இன்றுள்ள கட்டடத்தை 1895 இலே அமைத்த ஃபிப்ஸ் என்பாரே 1881 இல் சவோய் அரங்கையும் அமைத்தவர். இடத் தெரிவு பொருத்தமானது, முயற்சியும் பாராட்டத்தக்கது. ஆயினும் அதே பருவத்திலே ‘கொண்டோலியர்கள்’ எனும் பழகிய நாடகத்துக்கு முழுமையான மேடைத் தயாரிப்புக் கிடைத்தது. யுட்டோப்பியாவுக்குக் கிடைத்தது அரைமேடைக் கச்சேரி வடிவம். அரங்கை நிரப்பும் என்று முன்பே தெரிந்ததற்கு முழு உடை. தெரியாததற்கு அரை உடை. தம் துணிவின் அளவை முன்கூட்டியே அறிவித்துவிட்டு அதற்கு மேற் பொறுப்பேற்க மறுக்கும் இம்முறைக்கு யுட்டோப்பியாவிலேயே பெயர் உண்டு. அதுவே வரையறுக்கப்பட்ட பொறுப்பு.

எதிர்வாதங்கள்

யுட்டோப்பியா கலைத்தரத்திற் குறைந்தது என்பர் சிலர். இரண்டாம் அங்கம் தளர்வானது என்பதும், கதைக் கிளைகள் பல முடியாமலே விடப்படுகின்றன என்பதும் மறுக்க இயலாதவை. ஆனால் சலிவனின் இசை நலிந்துவிட்டது எனக் கூறுவோர், அன்று இசை விமரிசகராயிருந்த பேர்னாட் ஷா, முன்னைய சவோய் நாடகங்கள் எவற்றினதையும் விட இதன் இசையே தமக்கு மிகுந்த இன்பம் தந்ததென எழுதியதை ஏன் மறைக்கின்றனர்? ஷா எளிதிற் புகழ்பவரல்லர். மேலும், தளர்ந்த அமைப்புடைய எத்தனையோ இத்தாலிய, பிரெஞ்சு ஒப்பராக்கள் ஆண்டுதோறும் பெரிய அரங்குகளில் முழுச் செலவோடு மேடையேறுகின்றன. அமைப்புத் தளர்வு காதற் கதைக்கு மன்னிக்கத்தக்க குற்றமாகவும், அங்கதத்துக்கு மரண தண்டனைக்குரிய குற்றமாகவும் கொள்ளப்படுவது எந்த அழகியலின்பாற்பட்டது?

காலத்தோடு ஒட்டிய நகைச்சுவை காலத்தோடே மாயும் என்பது இரண்டாவது வாதம். இது தனிமனிதரை நகைக்கும் அங்கதத்துக்கே பொருந்தும். 1873 இலே கில்பேட் வேறொருவருடன் இணைந்து எழுதிய ‘இன்ப நாடு’ எனும் நாடகத்தில், கிளாட்ஸ்டன், லோ, எயர்ட்டன் ஆகிய மூன்று அமைச்சரின் சாயலில் ஒப்பனை செய்த நடிகர் தேவதைகளின் நாட்டுக்கு ஆங்கில ஆட்சி முறையைக் கற்பித்தனர். நாடகத் தணிக்கையாளரான அரண்மனைப் பிரபு உடனே தடை விதித்தார். அச்சாயல் நீக்கப்பட்ட பின்னரே அளிக்கை தொடர்ந்தது. இன்று எயர்ட்டன் யார் என்று எவரும் வினவுவதில்லை. அந்நாடகமும் அவருடன் அடங்கிற்று. இருபதாண்டு கழித்து அதே கருவை மீண்டும் எடுத்தபோது கில்பேட் ஆட்களை விட்டு அமைப்புகளைப் பிடித்தார். கம்பனி, மந்திரிசபை, கட்சி, தணிக்கை, நிபுணர் என்பவற்றுள் தணிக்கையாளர் பதவியின் நாடக அதிகாரம் மட்டுமே 1968 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது. ஏனைய நான்கும் உள்ளன. ஆகவே இன்றைய அரசியல்வாதிகளின் பெயர்களைப் பாட்டிற் செருகி நாடகத்தைப் ‘புதுப்பிக்க’ முனையும் நெறியாளர் அதனை 1893 இலிருந்து முன்னே கொண்டுவரவில்லை. 1873 க்கே பின்னே தள்ளுகின்றனர்.

மூன்றாவது வாதம் முற்றிலும் வேறானது. அதற்கு மதிப்பளித்தே விடை கூறல் வேண்டும். தென்கடல் மக்களை இந்நாடகம் சோம்பிக் கிடப்போராகவும் எதனையும் எளிதில் நம்புவோராகவும் காட்டுகின்றது. இரண்டாம் அங்கத்தின் மந்திரிசபைக் காட்சி, வெள்ளையர் முகத்திற் கறுப்பு மை பூசிக் கறுப்பினத்தவரை எள்ளி நகையாடிய ‘மின்ஸ்ற்றல்’ குழுக்களின் பாணியில் அமைந்துள்ளது. இவற்றை எவ்வாறு இன்று மேடையேற்றுவது என்பர். இக்குற்றச்சாட்டின் முதற்பாதி உண்மை. குடியேற்ற நாட்டு மக்களைச் சோம்பேறிகளெனச் சித்திரிப்பது தோட்டத் துரைமாரின் பழைய பொய். கில்பேட் அப்பொய்யை ஆராயாமற் கையாண்டார். ஆனால் மந்திரிசபைக் காட்சியின் குறி வேறு. அரசவைக்கும் அன்று மின்ஸ்ற்றல் குழுக்கள் ஆடிய இலண்டன் மண்டபத்துக்கும் சென் ஜேம்ஸ் என்ற பெயர் பொதுவாயிருந்தது. அப்பெயரொற்றுமையை வைத்து, ஆங்கில மந்திரிசபை இவ்வாறுதான் கூடும் என மன்னனை நம்பவைத்து நாற்காலிகளை வரிசையாக இடுவித்துப் பாடுகின்றனர். கேலிக்குள்ளாவது மந்திரிசபை; ஆயினும் அக்கேலிக்குக் கருவியானது ஓரினத்தின் அவமானம்.

இதற்கு விடை வெட்டி எறிவதன்று. முகத்தில் மை பூசுவது எக்காரணங்கொண்டும் கூடாது. தீவாருக்கு மாநிறச் சாயம் பூசுவதும் கூடாது. மன்னனாகவும் இளவரசியாகவும் தீவாராகவும் பேரரசின் முன்னாட் குடியேற்ற நாடுகளிலிருந்து வந்தோரின் வழித்தோன்றல்களே நடித்தல் வேண்டும். இன்று இலண்டனிலே அத்தகைய பாடகருக்கும் நடிகருக்கும் பஞ்சமில்லை. அவ்வாறு நடிக்கும்போது சோம்பல் என்னும் பழிச்சொல் அதனைச் சொன்னவர் மீதே திரும்பும். மந்திரிசபை நாற்காலிகள் போடப்படும்போது யார் யாரை நடிப்பிக்கின்றனர் என்பது அவையினர்க்குத் தெளிவாகும். அழுக்கை மறைத்துப் படைப்பைப் பாதுகாப்போரும் அழுக்கைக் காட்டிப் படைப்பை ஒதுக்குவோரும் இறுதியிற் செய்வது ஒன்றையே: பேரரசு தன்னைப் பற்றித் தானே ஒப்புக்கொண்ட சாட்சியத்தைப் பார்வையிலிருந்து அகற்றுகின்றனர்.

தீவாரின் உரிமை

யுட்டோப்பியா ஆங்கிலேயரின் வீட்டு விவகாரம். பிறர்க்கு இதில் என்ன என்று வினவலாம். தீவுகளை ஆங்கில மாதிரியில் வார்ப்பது 1893 இலே வெறும் மேடைக் கற்பனையாயிருக்கவில்லை. பீஜித் தீவுகள் 1874 இலே பிரித்தானிய முடிக்குக் கையளிக்கப்பட்டன. 1875 முதல் 1880 வரை அங்கு ஆளுநராயிருந்த சேர் ஆதர் கோர்டன், 1883 முதல் 1890 வரை இலங்கையின் ஆளுநராயிருந்து, யுட்டோப்பியா மேடையேறிய அதே 1893 இலே பிரபுப் பட்டம் பெற்றார். அவர் இலங்கையிலிருந்த காலத்தில், 1884 மே மாதத்தில், இலண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட ஓரியண்டல் வங்கி முறிந்தது. கோப்பிச் செய்கை நோயால் அழிந்துகொண்டிருந்த அந்நாளிலே, அவ்வங்கியின் நாணயத்தாள்களுக்கு அரசே பொறுப்பேற்றது. தொலைவிலே கையொப்பமிட்டோரின் தோல்விக்குத் தீவு பொறுப்பேற்பது எத்தகையது என்பதை இலங்கை கோல்ட்பரியின் பாட்டுக்கு ஒன்பதாண்டு முன்னரே அறிந்திருந்தது.

கட்சி ஆட்சி பற்றிய முடிவும் அவ்வாறே. 1931 ஆம் ஆண்டின் டொனமூர் யாப்பு இத்தீவிலே சர்வசன வாக்குரிமையையும், கட்சி அடிப்படையற்ற ஏழு நிர்வாகக் குழுக்களையும் ஏற்படுத்தியது. 1947 இல் நடைமுறைக்கு வந்த சோல்பரி யாப்பு அக்குழுக்களை அகற்றி, வெஸ்ற்மின்ஸ்ரர் மாதிரியிலான மந்திரிசபை ஆட்சியைக் கொணர்ந்தது. மறந்துபோன இன்றியமையாத உறுப்பை இளவரசி சாரா நினைவுகூர்ந்தாற் போன்றதே இதுவும். அதன் பின்னர் ஒரு கட்சி செய்ததை மறு கட்சி அழித்த வரலாற்றை இலங்கை வாசகர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. கட்சிகளே வேண்டா என்பது இதன் பொருளன்று. கட்சியற்ற ஆட்சி என்னும் பெயரில் ஒருவரின் ஆட்சி வருவதை உலகு பலமுறை கண்டுள்ளது. ஆனால் ஓர் அமைப்பை ஏற்றுமதி செய்தோரே அதன் உள்ளீட்டை எவ்வாறு மதிப்பிட்டனர் என்பதை, இறக்குமதி செய்தோர் அறியும் உரிமை உடையோராவர். அம்மதிப்பீடு கில்பேட்டின் கடைசிக் காட்சியில் உள்ளது. அக்காட்சி ஆங்கிலேயரின் சொத்து மட்டுமன்று.

செய்யத்தக்கது

ஆகவே வேண்டுவது யாது? முதலாவதாக, உரையாடல் முழுவதையும் உள்ளடக்கிய மேடைத் தயாரிப்பு. இரண்டாவதாக, ஒரு பருவத்திலாவது தொடர்ந்து நிகழும் அளிக்கைகள்; ஓரிரு மாலைகளிலே புதிய அவையினர் உருவாகார். மூன்றாவதாக, அரண்மனை வரவேற்புக் காட்சியைச் செலவுக்கு அஞ்சிச் சுருக்காமை. அக்காட்சியின் பகட்டு வீண் அலங்காரமன்று; பகட்டே அங்கு விசாரணைக்குள்ளாகும் பொருள். நான்காவதாக, இவை நிகழுமிடம் சவோய் அரங்காதல் வேண்டும். 

சவோய் பழம்பெருமைக்காக மட்டும் வேண்டப்படுவதன்று. 1881 இலே திறக்கப்பட்டபோது, முழுவதும் மின்னொளியால் விளங்கிய உலகின் முதற் பொதுக் கட்டடம் எனப் புகழ்பெற்ற அரங்கு அது. அதன் உட்புறம் 1929 இலே புதிதாக அமைக்கப்பட்டது. 1990 இலே தீக்கிரையாகி 1993 இலே மீளத் திறக்கப்பட்டது. அந்த ஆண்டே யுட்டோப்பியாவின் நூற்றாண்டு. எரிந்த சுவரையும் கூரையையும் பொன் வண்ணத்தையும் பழையபடி மீட்டெடுக்கப் பணமும் உழைப்பும் கிடைத்தன. கட்டடத்தை அங்குலம் பிசகாமல் மீட்பதற்குரிய அக்கறை, அக்கட்டடத்துள்ளே பேசப்பட்ட சொல்லை மீட்பதற்கும் உரியது. சுவர்கள் எவரையும் குற்றஞ்சாட்டுவதில்லை. ஆதலாலேயே அவற்றை மீட்பது எளிதாயிற்று.

செலவுக்கு வழியில்லை என்று கூறப்படலாம். அரங்கின் வருவாயும் பொதுநிதியும் எப்பொருளுக்குச் செல்லுகின்றன என்பது அழகியல் வினாவாகத் தோன்றும் அரசியல் வினா. மிக்காடோவை நூறாம் முறை புதுப்பிக்கக் கிடைக்கும் பணம் யுட்டோப்பியாவை ஒருமுறை முழுமையாக ஆடக் கிடைக்காதெனின், பஞ்சம் பணத்துக்கன்று. தம்மைப் பார்த்துச் சிரிக்கும் படைப்புக்கு இருக்கை வாங்கச் செல்வரும், அதனைத் தயாரிக்க நிறுவனங்களும் அஞ்சுகின்றனர். 1893 இன் சவோய் அவையினர் அத்தகைய நாடகத்தை 245 மாலைகள் அமர்ந்து கேட்டனர். லிபரேட்டரிற் பணமிழந்தோரும், கம்பனி தொடக்கியோரும், தணிக்கை அலுவலரும், மந்திரிமாரும் அவர்களுள் இருந்திருக்கக்கூடும். அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அவ்வளவு பொறுமையேனும் இல்லையெனில், பேரரசு மறைந்தபின் எஞ்சியது அதன் அகந்தை மட்டுமே எனக் கொள்ளல் வேண்டும். இல்லையென்று நிறுவ விரும்புவோருக்குச் சவோய் மேடை திறந்தேயிருக்கின்றது. எழுத்துருவுக்கு இன்று எவரிடமும் அனுமதி பெற வேண்டியதுமில்லை.